வினா எழவில்லை

வசந்தம் நகர் பால்வாடி,
வளவனேரி அஞ்சல், திண்டிவனம்.
நவம்பர் 6

அன்புத் தம்பி பூவரசனுக்கு,

அக்கா எழுதுகிறேன். நான், மாமா, அஸ்வினி மூவரும் சுகம். விழுப்புரத்தில் உனக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? மூன்று வேளையும் ஓட்டலில் தின்றால் வயிறு என்னத்துக்கு ஆகும்? ஒரு வேளையாவது ரசம் வைத்துச் சாப்பிடு.

செல் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். என் செல்லை மாமாவும் எடுப்பார், அஸ்வினியும் எடுப்பாள். இந்த விஷயம் இரண்டு பேர் கண்ணிலும் படக்கூடாது. நீயும் பதிலைப் பால்வாடி விலாசத்துக்கே போடு. குழந்தைகளுக்கு இன்னும் படிக்கத் தெரியாது.

அஸ்வினிக்குக் கல்லூரியில் மதியம் ஷிஃப்ட். சாயந்திரம் ஐந்து மணிக்குத்தான் விடுகிறார்கள். எங்கள் நகருக்கு டவுன் பஸ் காலையில் ஒன்று, மதியம் இரண்டு மணிக்கு ஒன்று, அவ்வளவுதான். ஷேர் ஆட்டோ கூட்டுரோட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து ஏரிக்கரை மேல் இரண்டரை கிலோமீட்டர் தனியாக நடந்து வருகிறாள். போன வாரம் பைக்கில் இரண்டு பேர் அவள் பின்னாலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். பிள்ளை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வந்து சேர்ந்தாள்.

மாமா அன்றைக்கே முடிவு சொல்லிவிட்டார். "இந்த வருஷத்தோட போதும். படிச்சது போதும், ஊட்ல இருக்கட்டும்." அவர் கெட்டவர் இல்லை என்பது உனக்கே தெரியும். ரைஸ் மில்லில் எட்டு மணி வரை வேலை, போய் அழைத்து வரவும் முடியாது. பயந்துவிட்டார். பயத்தைக் கோபமாகத்தான் காட்டத் தெரியும் அவருக்கு.

ஜூன் மாதத்துக்குள் சாயந்திரத்தில் ஒரு பஸ் வந்துவிட்டால் அவர் வாயை அடைத்துவிடுவேன். நீ எம்.எல்.ஏ. ஆபீசில்தானே இருக்கிறாய்? ஏதாவது செய், தம்பி.

உன் அக்கா,
சித்ரா

*

விழுப்புரம்,
நவம்பர் 13

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன். ரசம் வைத்தேன், புளி அதிகமாகிவிட்டது. அதையும் குடித்தேன்.

அஸ்வினி விஷயம் படித்ததும் வேலையே ஓடவில்லை. மாமாவிடம் நீ இப்போதைக்கு எதுவும் பேசாதே. நான்கு வருஷம் நாய்படாத பாடு பட்டு இந்த உதவியாளர் வேலையில் உட்கார்ந்திருக்கிறேன். இதற்குக்கூடப் பயன்படாவிட்டால் எதற்கு?

எங்கள் செந்தாமரை மேடம் வளவனேரி தொகுதிக்கு முதல் முறை எம்.எல்.ஏ. வீடு விழுப்புரத்தில் என்பதால் மனு வாங்குவதும் இங்கேதான். நல்ல மனசு, கொஞ்சம் கூச்சம். இதுவரை சட்டசபையில் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. "எதனா நல்ல கேள்வியா எழுதிக் குடுங்க பூவரசன்" என்று என்னைத்தான் நச்சரித்துக்கொண்டிருக்கிறார். உங்கள் பஸ்ஸையே கேட்டுவிட்டால் என்ன? சபையில் கேட்டுவிட்டால் அமைச்சர் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

ஒன்றே ஒன்று. அவரவர் தொகுதிக்குத்தான் அவரவர் கேட்க வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். அடுத்த தொகுதியைப் பற்றிக் கேட்பது பக்கத்து வீட்டு அடுப்பில் போய் உலை வைப்பது மாதிரி. மனு கொடுக்க யார் வந்தாலும் நாங்கள் முதலில் கேட்பதே "எந்தத் தொகுதி?" என்றுதான். வேறு தொகுதி என்றால் டீ கொடுத்து அனுப்பிவிடுவோம். ஆகவே உங்கள் தெரு எந்தத் தொகுதி, வாக்காளர் பட்டியலில் பாகம் எண் என்ன என்று மட்டும் எழுது. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் தம்பி,
பூவரசன்

*

வசந்தம் நகர் பால்வாடி,
நவம்பர் 20

அன்புத் தம்பிக்கு,

இங்கு எல்லோரும் நலம். உன் கடிதம் வந்த அன்று பால்வாடியில் குழந்தைகளுக்கு இரண்டு பாட்டு அதிகமாகச் சொல்லிக் கொடுத்தேன். அவ்வளவு சந்தோஷம்.

மில் லாரியில் ஒரு பை மல்லாட்டை கொடுத்து அனுப்பியிருக்கிறேன். வேகவைத்துத் தின்னு, கடலையை வறுத்தால் உனக்குப் பித்தம். பாதியை உங்கள் மேடத்துக்குக் கொடு. அந்த அம்மா உன்னைப் போட்டுப் படுத்துகிறார்களா, தன்மையாகப் பேசுகிறார்களா?

அஸ்வினி இப்போது கூட்டுரோட்டிலிருந்து எனக்குப் போன் போட்டுப் பேசிக்கொண்டே நடந்து வருகிறாள். அரை மணி நேரம் நானும் அடுப்படியில் நின்றுகொண்டு "ம், ம்" என்கிறேன். பேச விஷயம் தீர்ந்துபோனால் பாடத்தையே ஒப்பிக்கிறாள். இப்படியே போனால் நானும் ஒரு பட்டம் வாங்கிவிடுவேன்.

எங்கள் அஞ்சல் வளவனேரிதான். உறையின் மேல் நீயே எழுதுகிறாய். உனக்குத் தெரியாததா?

மழைக்காலம், தலையில் துண்டு போட்டுக்கொண்டு போ.

அன்புடன்,
அக்கா

*

விழுப்புரம்,
டிசம்பர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

புயல் மழையில் உங்கள் பக்கம் என்ன ஆனதோ என்று பதைத்துப் போனேன். ஏரிக்கரை உடையவில்லை என்று லாரி டிரைவர் சொன்ன பிறகுதான் நிம்மதி. இங்கே ஆபீசுக்குள் முழங்கால் தண்ணீர். மனுக் கட்டுகளை எல்லாம் மேஜை மேல் ஏற்றிவைத்தேன். மல்லாட்டையை மேடம் தோலோடு காலி செய்துவிட்டார்.

நல்ல சேதி. கேள்வியைக் கொடுத்தாகிவிட்டது. வாசகத்தைக் கேள்: "வளவனேரி தொகுதி, வசந்தம் நகருக்கு மாலை நேரத்தில் நகரப் பேருந்து இயக்க அரசு ஆவன செய்யுமா?" கையெழுத்துப் போடும்போது மேடம் கேட்டார், "இது நம்ம தொகுதிதானே?" வளவனேரி அஞ்சல்தான் மேடம், எங்க அக்கா அங்கதான் இருக்காங்க என்றேன். போட்டுவிட்டார். மார்ச் கூட்டத் தொடரில் வரும்.

பாகம் எண் கேட்டிருந்தேன், மறந்துவிட்டாய் போலிருக்கிறது. பரவாயில்லை. அஸ்வினியிடம் இப்போது எதுவும் சொல்லாதே. பஸ் வந்து நிற்கும்போது பார்த்துக்கொள்ளட்டும்.

உன் தம்பி

*

வசந்தம் நகர் பால்வாடி,
ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

பதில் தாமதம், மன்னித்துக்கொள். வாக்காளர் பட்டியல் திருத்தம் முடிகிற நேரம். பால்வாடி டீச்சர்கள் தலையில்தானே அந்த வேலையையும் கட்டியிருக்கிறார்கள். படிவத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கிக் கால் வீங்கிவிட்டது. செத்தவர்களை நீக்கு, வந்தவர்களைச் சேர் என்று ஓயாத வேலை. பதினெட்டு முடிந்ததென்று அஸ்வினி பெயரையும் நானே சேர்த்தேன்.

உன் உடம்பு எப்படி? பொங்கலுக்கு வருவாயா? வந்தால் மாமாவிடம் வாயைக் கொடுக்காதே. அவர் இப்போதே அஸ்வினிக்கு ஒரு வரன் வந்திருக்கிறது என்று பேச்செடுக்கிறார். நான் காதில் வாங்காத மாதிரி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறேன்.

தம்பி, அந்தக் கேள்வி வராமலே போனாலும் போகட்டும். உன் வேலைக்கு இடைஞ்சல் வந்தால் என்னால் தாங்க முடியாது. யோசித்துச் செய்.

அக்கா

*

விழுப்புரம்,
பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பொங்கலுக்கு வர முடியாததற்குக் கோபித்துக்கொள்ளாதே, மேடத்தோடு ஊர் ஊராகக் கோலப் போட்டிக்குப் பரிசு கொடுக்கப் போனேன். கால் வீக்கத்துக்குச் சுடுதண்ணீரில் உப்புப் போட்டு வை.

புதுப் பட்டியல் எங்கள் ஆபீசுக்கும் வந்துவிட்டது. சுற்றியுள்ள தொகுதிகளுக்கும் சேர்த்துக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருக்கிறோம். அஸ்வினிக்கு ஓட்டு வந்துவிட்டது என்று சொல், மாமா கொஞ்சம் மரியாதையாகப் பேசட்டும்.

கேள்வியைப் பற்றி இனி யோசிக்காதே. யோசிக்கிறது என் வேலை.

பூவரசன்

*

விழுப்புரம்,
மார்ச் 26

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன்.

நேற்றுக் கேள்வி வந்தது. எனக்குப் பார்வையாளர் மாடத்தில் அனுமதி வாங்கிக் கொடுத்திருந்தார் மேடம். செல்லை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். மேடம் புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். எழுந்து நின்று வினா எண்ணைச் சொன்னபோது குரல் நடுங்கியது.

அமைச்சர் தாளைப் பார்த்துப் படித்தார். "பேரவைத் தலைவர் அவர்களே, மாண்புமிகு உறுப்பினர் குறிப்பிடும் வசந்தம் நகர் வளவனேரி தொகுதியில் இல்லை. கீழ்மங்கலம் தொகுதியில் உள்ளது. ஆகவே இவ்வினா எழவில்லை."

சபை முழுக்கச் சிரிப்பு. உங்கள் கீழ்மங்கலம் எம்.எல்.ஏ. துரைக்கண்ணு எழுந்தார். "பக்கத்துத் தொகுதி சகோதரிக்கு என் மக்கள் மேல் இவ்வளவு பாசம் இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அந்தப் பஸ்ஸை நானே கேட்டு வாங்கிக்கிறேன்" என்றார். மறுபடியும் சிரிப்பு. மேடம் உட்காருவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றார். மாடத்தில் இருந்து என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

திரும்பும்போது காரில் செங்கல்பட்டு, மேல்மருவத்தூர் எல்லாம் தாண்டிவிட்டோம். திண்டிவனம் பாலத்தின் மேல்தான் வாயைத் திறந்தார். "தொகுதி எல்லைகூடத் தெரியாம நமக்கு எதுக்கு ஒரு ஆபீசு, பூவரசன்?" சரிபார்க்காதது என் தப்பு என்று சொன்னேன். இன்றைக்குப் பேப்பரிலும் வந்துவிட்டது.

கேள்வி எழுதும் வேலையை என்னிடமிருந்து எடுத்துவிட்டார். வாசலில் உட்கார்ந்து மனுவுக்கு டோக்கன் கொடுக்கிறேன். மே மாதத்துக்குப் பிறகு வேலை இருக்கிறதா இல்லையா என்று பிறகு பார்க்கலாம் என்றிருக்கிறார். நீ வருத்தப்படாதே. அஸ்வினியை ஜாக்கிரதையாக வரச் சொல்.

உன் தம்பி

*

வசந்தம் நகர் பால்வாடி,
ஏப்ரல் 15

தம்பி பூவரசனுக்கு,

மூன்று வாரமாக உனக்குப் பதில் எழுதவில்லை. நாலு தடவை எழுதிக் கிழித்தேன். நலமா என்று உன்னைக் கேட்கவே எனக்கு வாய் கூசுகிறது.

எனக்குத் தெரியும்டா. தொடக்கத்திலிருந்தே தெரியும். பட்டியலைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறவளுக்குத் தன் வீடு எந்தத் தொகுதி என்று தெரியாமல் இருக்குமா? இந்தப் பக்கம் ஒரு வாய்க்கால் இருந்தது, அதுதான் இரண்டு தொகுதிக்கும் எல்லை. பிளாட் போட்டபோது அதைத் தூர்த்துவிட்டார்கள். கடிதம் வளவனேரியிலிருந்து வருகிறது, ரேஷன் வேறு ஊரில், ஓட்டு கீழ்மங்கலத்தில். இங்கே பாதிப் பேருக்குத் தங்கள் தொகுதி எது என்று தேர்தல் அன்றுதான் தெரியும். எனக்கு எல்லா நாளும் தெரியும்.

நீ கேட்டபோது உண்மையை எழுதியிருந்தால் நீயும் எனக்கு ஒரு டீ கொடுத்து அனுப்பியிருப்பாய். துரைக்கண்ணுவிடம் முன்பே நாலு மனு கொடுத்திருந்தேன், தம்பி. நாலுக்கும் சீல் குத்தி "பரிந்துரைக்கப்படுகிறது" என்று எழுதிக் கொடுத்தார். பஸ்தான் வரவில்லை. அதனால்தான் வாயை மூடிக்கொண்டேன். மகளுக்காகத் தம்பியைப் பலி கொடுத்துவிட்டேன்.

பௌர்ணமிக்குத் திருவக்கரைக்குப் போனேன். வக்ரகாளி முன்னால் நின்று என்ன வேண்டுவது என்றே தெரியவில்லை. பஸ் வேண்டும் என்பதா, உன் வேலை நிலைக்க வேண்டும் என்பதா? இரண்டையும் கேட்க வெட்கமாக இருந்தது, கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

உங்கள் மேடத்தை நானே வந்து பார்க்கிறேன். தப்பு என்னுடையது என்று சொல்கிறேன்.

சித்ரா

*

வசந்தம் நகர் பால்வாடி,
மே 5

அன்புத் தம்பிக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. கோபமாகத்தான் இருப்பாய், இருந்துகொள். ஆனால் இதைப் படி.

பஸ் வந்துவிட்டது!

சட்டசபையில் சொன்ன வார்த்தை துரைக்கண்ணுவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டது. எங்கே போனாலும் "இன்னா அண்ணே, பக்கத்துத் தொகுதி அம்மா கேட்டாதான் நமக்கு பஸ்ஸா?" என்று கேட்டிருக்கிறார்கள். மனுஷன் டிப்போவுக்கும் சென்னைக்கும் நடையாய் நடந்து ஒரே மாதத்தில் முடித்துவிட்டார்.

நேற்றுச் சாயந்திரம் வாழைமரம் கட்டி, மேளம் வைத்து, தண்ணீர்த் தொட்டி அருகே கொடி அசைத்தார். நாங்கள் முப்பது பேர் ஏறினோம். ஆனால் எங்கள் நகரில் பஸ் திரும்ப இடம் ஏது? ஒரு முழம் விடாமல் பிளாட் போட்டு விற்றாகிவிட்டதே. பழைய வாய்க்காலைத் தாண்டி அய்யனார் கோயில் திடலில்தான் திரும்ப வேண்டும். அந்தத் திடல் எந்தத் தொகுதி தெரியுமா? வளவனேரி! அங்கே உங்கள் மேடம் இன்னொரு மேளத்தோடும் இன்னொரு கொடியோடும் நிற்கிறார். டிரைவர் தலையை வெளியே நீட்டி, "ஏம்பா, ஒரே பஸ்ஸை நான் எத்தினி வாட்டிதான் தொடங்கறது?" என்றார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது.

கூட்டம் கலைந்ததும் மேடத்திடம் போனேன். "தெரிஞ்சேதான் தம்பிகிட்ட சொல்லாம வுட்டேன் மேடம். அவன் மேல தப்பு இல்ல" என்றேன். அவர் என்னையும் அஸ்வினியையும் மாறி மாறிப் பார்த்தார். "அன்னிக்கு அத்தினி பேரும் சிரிச்சப்ப எனக்கு அழுகையே வந்துடுச்சிம்மா" என்றார். பிறகு அஸ்வினியிடம், "இன்னா படிக்கிற?" என்று கேட்டார். வேதியியல் என்றாள். "உடாம படி" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். உன் வேலையைப் பற்றிக் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

மாமா ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டு வந்து ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து கூட்டுரோடு வரை போய்த் திரும்பினார். இறங்கியதும், "காலேஜ் ஸ்டாப்புல எத்தினி மணிக்கு எடுப்பான்?" என்று மட்டும் கேட்டார். ஐந்தேகாலுக்கு என்றேன். தலையை ஆட்டினார். எனக்கு அது போதும்.

ஒரு வரி எழுது, தம்பி.

அக்கா

*

விழுப்புரம்,
மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உண்மையாகவே நலம். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. எழுதாததற்குக் காரணம் வேறு. சொல்லத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான்.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். முதலில் அதைப் படி.

படித்தாயா? பிப்ரவரி 1 தேதி போட்டிருக்கிறது பார். "வசந்தம் நகர் பேருந்து தொடர்பான எனது வினாவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்." கீழே மேடம் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறது. நான் தட்டச்சு செய்தது. கட்டுகளை அடுக்கும்போது கீழ்மங்கலம் பட்டியலில் அஸ்வினி பெயரைத் தேடிப் பார்த்தேன். பாகம் எண் 117. உன் பெயர், மாமா பெயர், புதிதாக அவள் பெயர். உடனே உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். இந்தத் தாளைக் கையெழுத்துக்குக் கொண்டுபோயிருந்தால் மேடத்துக்கு அந்த அவமானம் இல்லை. கதவு வரை போனேன். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் ஓடி வந்தாள் என்று நீ எழுதியது ஞாபகம் வந்தது. திரும்பி வந்து மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டேன்.

ஆக நீ என்னைப் பலி கொடுக்கவில்லை. நானே போய் நின்றேன். நீ அழுது எழுதிய கடிதத்துக்கு நான் என்ன பதில் எழுதுவது?

நேற்று மேடத்திடமும் சொல்லிவிட்டேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அக்காவும் தம்பியும் சேந்து என்னை நல்லா பேஜாரு பண்ணிட்டீங்க" என்றார். எழுந்து போனவர் கதவருகே நின்று சொன்னார்: "டோக்கனை வேற யார்கிட்டயாவது குடுங்க. அடுத்த தொடருக்குக் கேள்வி எழுதணும், உள்ள வாங்க. பட்டியலை இனிமே நானே பாத்துக்கிறேன்."

அக்கா, வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவினேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடு.

உன் தம்பி,
பூவரசன்

*

வசந்தம் நகர் பால்வாடி,
ஜூன் 19

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் எல்லோரும் சௌக்கியம். நீயும் அப்படியே இருப்பாய் என்று தெரியும், இருந்தாலும் கேட்கிறேன், நலமா? இந்தத் தாளைத் திருப்பிப் பார். நீ அனுப்பியதுதான், கிழிக்க மனசு வரவில்லை. பால்வாடியில் ஒரு பக்கம் காலியாக உள்ள தாளை நாங்கள் எறிவதில்லை.

என் சின்னத் தம்பி கதவு வரை போய்த் திரும்பி வந்ததை நினைத்து நினைத்து ஒரு மாதமாக அழுதும் சிரித்தும் ஆகிவிட்டது. இனிமேல் இரண்டு பேரும் எதையும் மறைக்க வேண்டாம். முடிந்தால்.

அஸ்வினி இரண்டாம் வருஷத்தில் சேர்ந்துவிட்டாள். மாமாதான் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தார். வரன் பேச்சு நின்றுவிட்டது. படிப்பை நிறுத்தி இரண்டு வருஷமாக வீட்டில் கிடந்த எங்கள் தெருக் கொளஞ்சி மகள் தையல் வகுப்புக்குப் போகிறாள். நர்சிங் ஹோமில் வேலை பார்க்கும் பெண்கள் நாலு பேர், டவுனுக்குக் கீரை விற்கப் போகும் வேணி, எல்லோரும் திரும்ப அந்த ஐந்தேகாலைத்தான் பிடிக்கிறார்கள். நேற்று அஸ்வினி வந்ததும் ஒரே புலம்பல். உட்கார இடமே இல்லையாம். காலேஜ் ஸ்டாப்பிலிருந்து வீடு வரை நின்றுகொண்டே வந்தாளாம். மாமா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கி, "நின்னுக்கினு வந்தா இன்னா, கால் தேஞ்சிடுமா?" என்றார்.

ஆறரைக்கு இன்னொரு பஸ் வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். மனு எழுதி முடித்துவிட்டேன். உனக்கு அனுப்பவில்லை, பயப்படாதே. யாரிடம் கொடுக்க வேண்டுமோ அவரிடமே நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். சீல் மட்டும் குத்திக் கொடுத்தால் உங்கள் மேடத்தை மறுபடி எழுந்து நிற்கச் சொல்வேன் என்று அவரிடமே சொல்லப்போகிறேன்.

ரசத்துக்குப் புளியைக் குறை.

உன் அக்கா,
சித்ரா சின்னதுரை,
கீழ்மங்கலம் தொகுதி, பாகம் எண் 117.